மூணு அடிக்கு காசு வாங்குறீங்க, நாலடி ஆனாத்தான் ஏத்துறீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லீவு வந்தாலே பேப்பர தொறந்தா தீம் பார்க் விளம்பரம் தான், அரை பக்கம், முழு பக்கம், கலர் கலரா. எல்லாத்துலயும் ஒரு சின்ன குழந்தை தண்ணிக்குள்ள உக்காந்து வாய் நிறைய சிரிச்சிட்டு இருக்கும். ஆனா அந்த வயசு குழந்தை அங்க போனா எந்தெந்த ரைடுல ஏற முடியும், எதுல ஏற முடியாதுன்னு ஒரு விளம்பரத்துலயும் ஒரு வரி கூட இருக்காது. அதப்பத்தி தான் இந்த லெட்டர் எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், முடிஞ்சா வெட்டாம போடுங்க, ஏன்னா இது என் ஒருத்தியோட பிரச்சனை இல்ல, கடலூர் பாண்டிச்சேரி பக்கத்துல இருந்து வேன் புடிச்சு போற அத்தன குடும்பத்தோட பிரச்சனை.

நான் கடலூர்ல அங்கன்வாடி டீச்சர். குழந்தைங்கள நிக்க வச்சு உயரம் அளக்குறது, எடை போடுறது, அதை போன்ல பதியுறது எல்லாம் மாசா மாசம் நான் செய்யுற வேலை. அதனால சென்டிமீட்டர் கணக்குல எனக்கு யாரும் கத சொல்ல முடியாது.

எங்க குடும்பமா ஈசிஆர்ல சென்னை போற வழியில இருக்குற ஒரு தீம் பார்க்குக்கு போனோம். பேர் வேண்டாம், ஏன்னா நெறைய பார்க்குல இதே மாதிரி தான்னு போய்ட்டு வந்தவங்க சொல்றாங்க. நானு, வீட்டுக்காரர், ரெண்டாவது படிக்குற பொண்ணு, மூணர வயசு பையன், எங்க அத்தை, ஓரகத்தியும் அவ எட்டு மாச கைக்குழந்தையும், என் தங்கச்சியும் அவ ரெண்டர வயசு பாப்பாவும். விடியறதுக்கு முன்னாடியே கெளம்பி பாண்டி தாண்டி, காலாப்பட்டு தாண்டி, மரக்காணம் உப்பளம் கிட்ட வண்டிய நிறுத்தி இட்லி சாப்ட்டு, பையன் ரெண்டு தடவ வாந்தி எடுத்து, அப்புறம் மாமல்லபுரம் தாண்டினதும் தூரத்துல ராட்டினம் தெரியுதான்னு பசங்க ஜன்னல விட்டு தலைய எடுக்கல. அந்த சந்தோஷத்துக்கு தான் இவ்ளோ செலவு பண்ணி போறோம், அத நான் கொறையா சொல்ல மாட்டேன்.

டிக்கெட் கவுண்டர்ல தான் மொத விஷயம். அங்க செவுத்துல ஒரு அளவு கோடு போட்ருக்காங்க. 90 சென்டிக்கு கீழ இருந்தா குழந்தைக்கு ஃப்ரீ, அதுக்கு மேல போனா சின்னவங்க டிக்கெட். சில பார்க்குல இதே கோடு 85 சென்டியில இருக்கு. எங்க தங்கச்சி பொண்ணு வெறுங்கால்ல 89, அந்த வாரம் தான் நானே எங்க சென்டர்ல நிக்க வச்சு அளந்தேன். ஆனா அங்க ஷூவோட நிக்க வச்சாங்க, உச்சந்தலையில கட்டுன குடுமி வேற, கோட்டத் தாண்டிருச்சு. நான் சொன்னேன், "தம்பி, ஷூவ கழட்டிட்டு, குடுமிய அமுக்கிட்டு அளங்கப்பா, அப்படித்தான் அளக்கணும்". அந்த பையன் மரியாதையா தான் சொன்னான், "எல்லாருக்கும் இப்படி தான் மேடம் அளக்குறோம், பின்னாடி க்யூ நிக்குது". டிக்கெட் எடுத்தோம்.

சரி, ஷூவோட தான் அளப்பாங்கன்னா அப்படியே இருக்கட்டும். ஆனா உள்ள போனா பெரிய சறுக்கு ஒன்னுக்கு 120 சென்டி இருந்தா தான் ஏத்துவாங்க. தண்ணி ரைடுங்கறதால அங்க எல்லாரும் வெறுங்கால். என் பொண்ணு ஷூ போட்டா 121, வெறுங்கால்ல 119. "இல்லம்மா, ஏற முடியாது"ன்னுட்டாங்க. அப்போ காசு வாங்குற எடத்துல ஷூவும் குடுமியும் உயரத்துல சேருது, ரைடுல ஏத்துற எடத்துல சேரல. ஒரே பார்க், ஒரே நாள், ரெண்டு அளவு. ரைடுல அளந்தது தான் சரியான அளவு, அதே மாதிரி கவுண்டர்லயும் அளங்கன்னு தான் கேக்குறேன். குதிகால் செவுத்துல ஒட்டணும், பார்வை நேரா இருக்கணும், தலையில மட்டப் பலகை உக்காரணும், இவ்ளோ தான். சாயங்காலம் ஆனா குழந்தைங்க உயரம் அரை சென்டி ஒரு சென்டி கம்மியா கூட காட்டும், நின்னு ஓடி ஆடுனதுல முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கும். அதனால கோட்டுக்கு பக்கத்துல நிக்குற குழந்தைய ஒரு தடவ நிதானமா அளக்குறதுல ஒரு நிமிஷம் தான் போகும்.

இதுல ஒரு விஷயத்த தெளிவா சொல்லிடுறேன். ரைடுல உயரம் பாக்குறத தளர்த்துங்கன்னு நான் சொல்லவே இல்ல. அந்த சறுக்கு வாசல்ல ஒரு அப்பா அந்த ரைடு பையன்கிட்ட சண்ட போட்டாரு, காசு குடுத்துருக்கேன்ல, எம்புள்ள பயப்பட மாட்டான், நான் மடியில வச்சுக்கிறேன்னு. இன்னொரு அம்மா குழந்தைய நுனிக்கால்ல நிக்கச் சொல்றாங்க. எனக்கு பதறிப்போச்சு. வேகமா சுத்துற ரைடுங்கள்ல உக்கார வச்சு மேல மாட்டுற கம்பி பெரியவங்க ஒடம்புக்கு செஞ்சது, பெரியவங்க தொடையில போய் அது நிக்கும், பக்கத்துல இருக்குற சின்ன குழந்தைக்கு எடைவெளி அப்படியே இருக்கும், அதுல நழுவுனா போச்சு. சின்ன குழந்தைக்கு ஒடம்பு அளவுக்கு தல பெருசு, கழுத்து பலம் இன்னும் வந்துருக்காது, வண்டி சடக்குன்னு திரும்புனா அந்த ஆட்டம் முழுக்க கழுத்துல தான் போய் விழும். அந்த ரைடு பையனுக்கு இருபது வயசு கூட இருக்காது, வெயில்ல நின்னுகிட்டு அவ்ளோ பேச்சு வாங்கிகிட்டு ஒரு குழந்தைய கூட விடல. அவன மாதிரி பசங்களுக்கு தான் நாம நன்றி சொல்லணும். அவன்கிட்ட சண்ட போடுற பெத்தவங்க எல்லாரும் இத படிக்கணும்னு ஆசப்படுறேன்.

ஆனா அந்த அப்பாவுக்கு ஏன் அவ்ளோ கோவம் வந்துச்சு? டிக்கெட் எடுக்குறப்பவே அவருக்கு யாரும் சொல்லல. இங்க தான் என்னோட முக்கியமான விஷயம் வருது.

அங்கன்வாடியில நாங்க பாக்குற வளர்ச்சி அட்டவணை உலக சுகாதார நிறுவனம் போட்டது. அதுப்படி நல்லா வளர்ற குழந்தை மூணு வயசு முடியுறப்போ 95, 96 சென்டி இருக்கும். அஞ்சு வயசுல 110 பக்கம். 120 சென்டி தொடுறது ஏழு வயசு வாக்குல தான். நம்ம ஊர்ல நெறைய பிள்ளைங்க அதவிட கொஞ்சம் கம்மியா தான் இருக்கும், அப்போ எட்டு வயசு கூட ஆகலாம். 140 சென்டி கேக்குற பெரிய ரைடுக்கு எல்லாம் பத்து வயசு தாண்டணும். இப்ப கணக்கு போட்டு பாருங்க. 90 சென்டியில, அதாவது ரெண்டர மூணு வயசுல டிக்கெட் ஆரம்பிச்சுடுது. ரைடுங்க ஒழுங்கா தொறக்குறது 120ல. நடுவுல நாலு வருஷம், நாலர வருஷம், அந்த வயசு குழந்தைங்க எல்லாம் டிக்கெட் எடுத்துட்டு உள்ள வந்து, பெரியவங்க சுத்துறத அண்ணாந்து பாத்துட்டு நிக்குது. இந்த நடு வயசு குழந்தைங்க தான் அங்க கூட்டமே. எல்கேஜி, யுகேஜி, ஒன்னாவது, ரெண்டாவது படிக்குற பசங்க தானே வீட்ல "கூட்டிட்டு போ கூட்டிட்டு போ"ன்னு உயிர வாங்குறது.

என் பையன் ஒவ்வொரு ரைடு வாசல்லயும் ஓடிப்போய் அந்த அளவு பலகைல முதுக ஒட்டி நின்னுகிட்டு, "அம்மா, நான் பெருசாயிட்டனா, பாரு"ன்னு கேட்டான். ஒவ்வொன்னுலயும் இல்ல இல்லன்னு சொல்லி அனுப்புனாங்க. நாலஞ்சு எடத்துக்கு அப்புறம் அவன் பலகை கிட்ட போறதயே விட்டுட்டான். காலையில இருந்து குதிச்சிட்டு வந்த புள்ள. எங்க சென்டர்ல அளக்குறப்போ "டீச்சர் நான் வளந்துட்டனா"ன்னு கேக்குற குழந்தைங்கள தெனம் பாக்குறவ நான், அந்த மூஞ்சிய என்னால மறக்க முடியல.

அவனுக்கு ஏத்தது எதுவும் இல்லன்னு சொல்ல மாட்டேன். குட்டி ரயிலு, குடை ராட்டினம், முழங்கால் அளவு தண்ணி தொட்டி, காளான் மாதிரி ஒன்னுல இருந்து தண்ணி கொட்டும் பாருங்க, அது எல்லாம் இருந்துச்சு, அதுல பசங்க போட்ட ஆட்டத்த பாத்தா மனசு நெறஞ்சுது, எங்க அத்தையே பொடவைய தூக்கி சொருகிட்டு காலு நனைச்சாங்க. சின்ன குழந்தைக்கு அதுக்கு மேல எதுவும் வேணாம், நெஜமாவே வேணாம். அப்போ அதுக்கு உண்டான காசு வாங்குங்க. அவன் ஏற முடிஞ்சது கையில எண்ணிடலாம், அவனுக்கு வாங்குனது கிட்டத்தட்ட பெரியவங்க டிக்கெட் அளவுக்கு. கவுண்டர்ல ஒரு பெரிய போர்டு வைங்க, 90ல இருந்து 120 வரைக்கும் இருக்குற குழந்தைக்கு இந்த இந்த ரைடு மட்டும் தான், 120ல இருந்து 140 வரைக்கும் இது இதுன்னு. தமிழ்ல வைங்க. ஆன்லைன்ல டிக்கெட் போடுறப்போ உயரத்த கேட்டுட்டு இத காட்டிட்டு அப்புறம் பணம் கட்ட சொல்லுங்க. 90-120க்கு தனி விலை வைங்க. இத பண்ணிட்டா ரைடு வாசல்ல பாதி சண்ட நின்னுடும்.

தமிழ்னு சொன்னேன், அதையும் சொல்லிடுறேன். யார் யார் ஏறக்கூடாது, இதய நோய், பிரஷர், முதுகு வலி, கர்ப்பமா இருக்குறவங்கன்னு ஒவ்வொரு ரைடு முன்னாடியும் போட்ருக்காங்க, பெரும்பாலும் இங்கிலீஷ்ல, பொடி எழுத்துல. எங்க அத்தைக்கு பிரஷர் இருக்கு. அவங்களுக்கு அத படிக்க தெரியாது, நான் பக்கத்துல இருந்ததால நிறுத்துனேன். உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை அந்த ஊர் மொழியில பெருசா இருக்கணும், இதுல பேச்சுக்கே எடமில்ல.

அடுத்தது சாப்பாடு. கேட்டுல பைய தொறந்து பாத்து புளிசோறு, லெமன் சோறு எல்லாம் வெளிய வச்சிட சொன்னாங்க. வேன்ல வச்சோம், அது அவங்க ரூல், இருக்கட்டும். ஆனா பையனுக்கு கொண்டு போன தயிர்சோறு டப்பாவையும், கைக்குழந்தைக்கு காய்ச்சி ஆறவச்ச தண்ணியையும், கூழ் மாவையும் எடுக்க சொன்னாங்க. "அக்கா, வெளி சாப்பாடு உள்ள விட முடியாது, உள்ள எல்லாம் கெடைக்கும்". உள்ள கெடைச்சது ஃப்ரைடு ரைஸ், சிப்ஸ், ஐஸ்க்ரீம், கலர் ஜூஸ். எட்டு மாச குழந்தைக்கு இதுல எத குடுக்குறது? ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், அதுக்கப்புறம் பால் கூட மசிச்ச சோறு, பருப்பு, காய்னு அம்மாக்களுக்கு நாங்க தெனம் சொல்லிக் குடுக்குறோம், அதையே கேட்டுல புடுங்குறாங்க. ஓரகத்தி அழுதுட்டா, அப்புறம் மேனேஜர் மாதிரி ஒருத்தர் வந்து விட்டாரு. அப்படி ஒருத்தர் வந்து மனசு வச்சா தான் நடக்கும்னா அது ரூல் இல்லீங்க.

2023 ஜனவரி 3ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் சினிமா தியேட்டர் வழக்குல ஒரு தீர்ப்பு சொன்னுச்சு. வெளி சாப்பாடு வேணாம்னு சொல்ல தியேட்டர்காரங்களுக்கு உரிமை இருக்கு, ஆனா சுத்தமான குடிதண்ணி ஃப்ரீயா குடுக்கணும், கைக்குழந்தை, சின்ன குழந்தையோட வர்றவங்க அந்த குழந்தைக்கு தேவையான அளவு சாப்பாடு கொண்டு போறத தடுக்கக்கூடாதுன்னு. அது தியேட்டருக்கு சொன்னது தான், எனக்கு தெரியும். ஆனா மூணு மணி நேர படத்துக்கே குழந்தைக்கு சாப்பாடு கொண்டு போகலாம்னா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்ல நிக்குற எடத்துக்கு எவ்ளோ அவசியம்? இத தீம் பார்க்குக்கும் சேத்து அரசு ஒரு உத்தரவா போட்டா போதும். அரசுக்கு இதுல கேக்குற உரிமை இருக்கு, 2017ல ஜிஎஸ்டி வந்தப்போ இந்த பார்க் டிக்கெட்டுக்கு 28 சதவீதம் வரி, 2018 ஜனவரில 18 ஆ குறைச்சாங்க. வரிய குறைக்க முடிஞ்சவங்களுக்கு குழந்தைக்கு ஒரு டப்பா சோறு விட சொல்ல முடியாதா?

பால் குடுக்குற எடம் இன்னொன்னு. தமிழ்நாட்டுல 2015லயே பஸ் ஸ்டாண்டுல எல்லாம் தாய்மார்கள் பாலூட்டும் அறை தொறந்தாங்க. பஸ் டிக்கெட் எடுக்காதவங்க கூட உக்காரலாம். நாங்க போன பார்க்குல அப்படி ஒரு ரூம் எங்க இருக்குன்னு கேட்டா யாருக்கும் தெரியல, ட்ரெஸ் மாத்துற ரூம்ல போய் குடுங்கன்னாங்க. அது ஈரமா, வழுக்கிகிட்டு, உக்கார ஒரு ஸ்டூல் கூட இல்லாம, வெளிய கதவ தட்டிகிட்டே இருக்காங்க. கடைசியில ஒரு மரத்தடியில நாங்க மூணு பேரு சுத்தி நின்னு துப்பட்டா புடிச்சோம்.

வெயில் பத்தி சொல்லாம விட முடியாது. கத்திரி வெயில்ல தான் எல்லாருக்கும் லீவு, அப்போ தான் எல்லாரும் போறோம். தண்ணி ரைடு பக்கம் செருப்பு போடக்கூடாது, ஒரு ரைடுல இருந்து இன்னொரு ரைடுக்கு போற பாதை முழுக்க வெறும் தளம், மத்தியானம் தோசக்கல்லு மாதிரி காயுது. பெரியவங்க ஓடிடுவோம். மூணு வயசு குழந்தை நடுவுல நின்னு கத்துது. பந்தல் போடுங்க, இல்ல பாதையில தண்ணி ஓட விடுங்க. தண்ணிக்குள்ளயே இருக்குறதால குழந்தைக்கு வேர்க்குறதும் தெரியாது, தாகமும் சொல்லத் தெரியாது, ஒன்னுக்கு போகாம மந்தமா படுத்துக்குச்சுன்னா தண்ணி வத்துதுன்னு அர்த்தம். போறவங்க ரெண்டு ஓஆர்எஸ் பாக்கெட் கையில வச்சுக்கோங்க, அங்கன்வாடியிலயும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் கேட்டா கெடைக்கும், பாக்கெட்ல போட்ருக்குற அளவு தண்ணியில மொத்தமா கரைக்கணும், கொஞ்சம் கொஞ்சமா பிச்சு போட்டு கரைக்கக்கூடாது. அப்புறம் ட்ரெஸ். நைலான், லைக்ரா துணி இல்லாம தொட்டியில எறங்க விட மாட்டாங்க, காட்டன்ல நூல் பிரிஞ்சு ஃபில்டர்ல அடைக்கும், அதனால அந்த ரூல் சரி தான். அங்க போய் வாடகைக்கு எடுக்காம நம்ம திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுலயே வாங்கிட்டு போயிடுங்க.

குழந்தை காணாம போறது பெரிய பயம். அலை தொட்டி பக்கம் மைக்ல ஒரு குழந்தை பேர சொல்லி அழைச்சிட்டே இருந்தாங்க, கெடைக்குற வரைக்கும் எங்க யாருக்கும் விளையாட மனசு இல்ல. திருவண்ணாமலை தீபத்துக்கு போலீஸ்காரங்க சின்ன பிள்ளைங்க கையில பேரும் போன் நம்பரும் எழுதுன பட்டை கட்டி விடுறாங்களே, லட்சக்கணக்கான கூட்டத்துலயே அது முடியுதுன்னா, கேட்டுல எல்லாருக்கும் பேப்பர் பேண்ட் கட்டுற எடத்துல குழந்தை பேண்ட்ல அம்மா நம்பர் எழுத ஒரு பேனா வைக்கிறது பெரிய வேலையா?

என்கிட்ட கேக்குற அம்மாக்களுக்கு நான் சொல்றது, குழந்தை நாலடி ஆகுற வரைக்கும் அவ்ளோ தூரம் போக வேணாம், பக்கத்துல நல்ல எடமெல்லாம் இருக்கு. பாண்டி பொட்டானிக்கல் கார்டன் 1826ல வச்சது, அந்த மரங்க நெழல்லயே அரை நாள் ஓடிடும். சுண்ணாம்பாறுல படகு. இந்த பக்கம் பிச்சாவரம், காலையிலயே போய்ட்டா மரத்துக்கு நடுவுல படகு போறப்போ குழந்தைங்க வாய தொறந்து பாக்கும். உயரம் யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா தண்ணியில குழந்தைங்க பாதுகாப்பா ஆட நம்ம ஊர்ல ஒரு எடம் கெடையாது. சில்வர் பீச்ல கடல்ல எறக்க முடியாது, அலை இழுக்கும். கடலூர் மாநகராட்சி ஆகி 2021ல இருந்து இத்தன வருஷம் ஓடிருச்சு, சில்வர் பீச்ல கணுக்கால் அளவு தண்ணியோட, மேல கூரையோட, சின்ன குழந்தைங்களுக்கு ஒரு தண்ணி விளையாட்டு எடம் கட்டி பத்து இருவது ரூபா டிக்கெட் போட்டா, எங்க சென்டருக்கு வர்ற கட்டட வேலை, மீன் வேலை செய்யுறவங்க பிள்ளைங்களும் வந்து விளையாடும். அந்த பிள்ளைங்க எந்த ஜென்மத்துல ஈசிஆர் பார்க்குக்கு போகப்போகுது, ஒரு ஆள் டிக்கெட் அவங்க வீட்டுக்கு எத்தன நாள் கூலி. மேயரும் கமிஷனரும் இத யோசிக்கணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்குறேன்.

கடைசியா உங்ககிட்டயே ஒன்னு. லீவு சமயத்துல தீம் பார்க் விளம்பரம் வாங்குறப்போ, எத்தன சென்டிக்கு மேல டிக்கெட், எத்தன சென்டிக்கு மேல ரைடு, இந்த ரெண்டு நம்பரையும் விளம்பரத்துலயே போடச் சொல்லி கேளுங்க. ஒரு வரி எடம் தான் ஆகும், எழுத்து பெருசா இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு அங்கன்வாடி பணியாளர்,
கடலூர் முதுநகர்.